காஞ்சிபுரம் வட்டாரத்துக்கு இடிமழை கணிக்கப் பழகிய அனுபவம்

தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தில் பெரும்பங்கை மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே கொட்டிவிடுவதால், ஜூன் முதல் செப்டம்பர் வரை வட தமிழகத்தில் கிடைக்கும் மழையில் பெரும்பகுதி மாலையிலும் இரவிலும் பெய்யும் வெப்பச்சலன மழைதான், அதாவது சூடேறி மேலெழும் காற்று இடிமேகமாகித் தரும் மழை. இந்தப் பருவத்தில் நான் செய்து பார்த்தது இதுதான்: காஞ்சிபுரத்தைச் சுற்றி முப்பது கிலோமீட்டருக்குள் அன்று இடிமழை பெய்யுமா என்பதை நண்பகலுக்குள் நோட்டில் எழுதிவிடுவது, மறுநாள் காலை 8.30 மணிக்கு மாடியிலுள்ள மழைமானியையும், சேமித்து வைத்த ரேடார் படங்களையும் கொண்டு சரிபார்ப்பது.

தொடக்கம் மீனம்பாக்கத்தில் காலை 5.30 மணியளவில் பறக்கவிடப்படும் வானிலை பலூனின் தரவு. அதிலிருந்து கிடைக்கும் ‘கேப்’ என்ற மதிப்பு, மேலெழும் காற்றுக்கு எவ்வளவு ஆற்றல் கிடைக்கக்கூடும் என்பதைச் சொல்கிறது. ஆனால் ஈரப்பதம் மிகுந்த நம் கடலோரத்தில் அந்த மதிப்பு மழை பெய்த நாளிலும் பெய்யாத நாளிலும் உயர்ந்தே இருக்கிறது. ஆகவே அதை மட்டும் வைத்து நாள்களைப் பிரிக்க முடியவில்லை. அதே பலூன் தரவின் வரைபடத்தில் மூன்று முதல் ஆறு கிலோமீட்டர் உயரம் வரை காற்று வறண்டிருக்கிறதா, அங்கே அது எந்தத் திசையில் வீசுகிறது என்ற இரண்டையும் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் நோட்டுக்கு உருப்படியான பயன் வந்தது. நடு உயரம் வறண்ட நாள்களில், மதியம் முளைக்கும் மேகங்கள் பக்கத்து வறண்ட காற்றை உள்ளிழுத்துப் பாதியிலேயே கரைந்துவிடுகின்றன.

ஆற்றல் இருந்தாலும் அதைத் தூண்டிவிட ஒன்று வேண்டும். எங்கள் பகுதிக்கு அது பெரும்பாலும் கடற்காற்று. மேற்குக் காற்று வலுவாக இருந்தால் கடற்காற்று தாமதமாகப் புறப்பட்டுச் சென்னையை ஒட்டியே நின்றுவிடும். அன்று இரு காற்றும் மோதும் கோடும் அங்கேதான், மழையும் பெரும்பாலும் அங்கேதான். மேற்குக் காற்று தளர்ந்த நாள்களில் அந்தக் கோடு ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி உள்ளே வருகிறது. மாடியில் நின்றாலே அதன் வருகை தெரியும்: அனலாக வீசிய மேற்குக் காற்று சற்று ஓய்ந்து, பிறகு கிழக்கிலிருந்து மெல்ல வீசத் தொடங்கும், வெப்பமானி ஓரிரு டிகிரி இறங்கும், ஈரப்பதமானி மளமளவென ஏறும். அந்த நேரத்தில் வேலூர், சித்தூர்ப் பக்கம் உருவான இடிமேகம் கிழக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்தால், அது எங்களுக்கு வந்து சேரும் வாய்ப்பை நான் ஒரு படி உயர்த்திக் குறிக்கிறேன்.

செயற்கைக்கோள் படத்தை மட்டும் பார்ப்பவர்கள் இங்கே குழம்புவதற்குக் காரணம் உண்டு. தரையிலிருந்து சில கிலோமீட்டர் வரை மேற்குக் காற்று. ஆனால் 14 முதல் 16 கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி, பல நாள்களில் மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில், வெப்பமண்டலக் கிழக்குத் தாரைக்காற்று ஓடுகிறது. இடிமேகத்தின் தலைப்பகுதி அதில் சிக்கி மேற்கே இழுபட, மழை தரும் அடிப்பகுதி கிழக்கே நகர்கிறது. செயற்கைக்கோள் படத்தில் வெண்மேகப் பரப்பு திருவண்ணாமலையை நோக்கி விரிவதாகத் தெரியும் அதே மாலையில், சென்னை டாப்ளர் ரேடாரில் பலத்த மழையைக் காட்டும் அடர்சிவப்புப் பொட்டு எங்களை நோக்கி வந்துகொண்டிருக்கும். எனவே மாலை நான்கு மணிக்குப் பிறகு ரேடாரைத் தவிர வேறெதையும் நான் நம்புவதில்லை.

கணினி மாதிரிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஐரோப்பிய மாதிரி உலகைக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகிறது; ஒரு கட்டம் ஏறத்தாழ ஒன்பது கிலோமீட்டர். ஒரு தனி இடிமேகத்தின் அகலமும் ஏறக்குறைய அவ்வளவுதான் என்னும்போது, எந்தத் தெருவில் பெய்யும் என்று அதனிடம் கேட்பது நியாயமில்லை. இவ்வகை உலக மாதிரிகள் வெப்பச்சலன மழையை உண்மை நேரத்துக்கு முன்பே, மதியத்திலேயே பெய்யவைத்துவிடும் பழக்கமும் உடையவை. காற்றின் திசைக்கும் ஈரப்பதத்துக்கும் மட்டும் அவற்றைப் பயன்படுத்துகிறேன்.

நோட்டைத் திருப்பிப் பார்க்கையில் ‘பெய்யுமா’ என்ற கேள்விக்கு நண்பகல் கணிப்பு ஓரளவு தேறுகிறது. ‘எங்கே’ என்பதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் பதில் கிடைப்பதே அரிது. மழை அளவு இன்னும் கடினம். 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரை எட்டினால்தான் வானிலைத் துறையின் கணக்கில் அது கனமழை. ஓடிக்கொண்டிருக்கும் ஒற்றை மேகம் அவ்வளவு தருவது அபூர்வம். ஒரு மேகம் பெய்து முடிக்கையில் அதிலிருந்து இறங்கும் குளிர்காற்று பக்கத்திலேயே அடுத்த மேகத்தைக் கிளப்பி, அவை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே ஊரைக் கடக்கும்போதுதான் அந்த அளவு சேர்கிறது. சில மாலைகளில் அந்தக் குளிர்காற்றின் விளிம்பு ரேடாரில் மெல்லிய வில்போலத் தெரிகிறது. அது கடற்காற்றுக் கோட்டைத் தொடும் இடத்தை வரைபடத்தில் பென்சிலால் குறித்து, அங்கே புதிய மேகம் முளைக்கிறதா என்று பார்ப்பதுதான் இப்போது நடந்துகொண்டிருக்கும் வேலை. வடகிழக்குப் பருவமழையின் இயக்கம் முற்றிலும் வேறு என்பதால், அக்டோபரில் தனி நோட்டு போட வேண்டியிருக்கும்.