லுசைலில் ஒரு செவ்வாய்க்கிழமை

2022 நவம்பர் 22 ஆம் திகதி பிற்பகல் 3.30 மணிக்கு, அலுவலகத்தில் அரைநாள் விடுமுறை எடுத்துக்கொண்டு, கொட்டாஞ்சேனையில் பெரியப்பா வீட்டுத் தொலைக்காட்சியின் முன்னால் நாங்கள் அமர்ந்தபோது, கட்டாரின் லுசைல் மைதானத்தில் தொடங்கவிருந்த உலகக் கிண்ண உதைபந்தாட்டப் போட்டியில் ஆர்ஜென்டீனா சவூதி அரேபியாவை எத்தனை கோல்களால் வெல்லும் என்பது மட்டுமே பேச்சாக இருந்தது. சவூதியின் தம்மாம் நகரில் பதினான்கு ஆண்டுகள் பாரவூர்தி ஓட்டிய பெரியப்பா ஒருவரே சவூதி அரேபியாவின் பக்கம் நின்றார். உண்ட சோற்றுக்கு நன்றி காட்டுகிறார் என்று தம்பி கேலி செய்தான்.

அந்த நாள் வரை 36 ஆட்டங்களில் தோல்வியே காணாத ஆர்ஜென்டீனாவுக்கு, 10 ஆவது நிமிடத்தில் மெஸ்ஸி பெனால்டி மூலம் முதல் கோலைப் பெற்றுக்கொடுத்தார். அதன் பின்னர் நடந்ததைத்தான் பலர் இன்றுவரை அதிர்ஷ்டம் என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சவூதி அணியின் பயிற்றுநர் ஹெர்வே ரெனார் தமது பின்கள வீரர்களைக் கோல் கம்பத்துக்கு அருகே குவித்து வைக்காமல், மைதானத்தின் நடுக்கோட்டை ஒட்டி ஒரே வரிசையில் நிறுத்தியிருந்தார். அவர்களுக்குப் பின்னால் பெரும் வெற்றிடம். ஒருவர் ஓரடி பிந்தினாலும் மெஸ்ஸி தனியே கோல் காப்பாளரை நோக்கி ஓடிவிடுவார் என்பது தெரிந்தே அவர்கள் அந்த வரிசையைக் காத்தார்கள். முதற்பாதியில் மெஸ்ஸி ஒரு தடவையும் லௌத்தாரோ மார்ட்டினேஸ் இரு தடவைகளும் பந்தை வலைக்குள் செலுத்தியும் மூன்றும் ஓப்சைட் என்று, அதாவது பந்து அனுப்பப்பட்ட கணத்தில் அந்தப் பின்கள வரிசையைத் தாண்டி வீரர் நின்றார் என்று, மறுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று, உலகக் கிண்ணங்களில் அம்முறையே முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்ட, ஓப்சைட்டைக் கண்டறியும் அரைத் தானியங்கித் தொழில்நுட்பம் இல்லாதிருந்தால் கோலாகவே எழுதப்பட்டிருக்கும் அளவுக்கு நுண்ணியது. (அந்த வரிசை இரு தடவை பிசகியிருந்தால் ரெனாரை முட்டாள் என்று நானே எழுதியிருப்பேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.)

இடைவேளைக்குப் பின் 48 ஆவது நிமிடத்தில் சவூதியின் சாலே அல் ஷெஹ்ரி தாழ்வாக அடித்த பந்து எதிர்மூலைக்குள் சென்றது. ஐந்து நிமிடங்களில் சாலெம் அல் தவ்ஸரி, பெனால்டி எல்லையின் இடப்புறத்தில் பந்தை அடக்கி, சூழ்ந்து நின்றவர்களுக்கு நடுவே திரும்பி, வலது காலால் வளைத்து அடித்தார். ஆர்ஜென்டீனாவின் கோல் காப்பாளர் எமிலியானோ மார்ட்டினேஸின் கையில் பட்டும் பந்து நிற்கவில்லை. பெரியப்பா கத்தவில்லை. தேநீர்க் கோப்பையை மட்டும் தரையில் வைத்தார். எஞ்சிய நேரம் முழுவதும் சவூதி கோல் காப்பாளர் முகம்மது அல் உவைஸ் தாங்கிப் பிடித்த ஆட்டம் அது, முடிவு 2–1.

சவூதி அணி அடுத்த இரு ஆட்டங்களிலும் போலந்திடமும் மெக்ஸிக்கோவிடமும் தோற்று வெளியேறியது. ஆர்ஜென்டீனா டிசம்பர் 18 அன்று அதே லுசைல் மைதானத்தில் கிண்ணத்தைத் தூக்கியது. ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை இரவு எங்களுக்குக் கிடைத்த செய்தி வேறு: வெற்றியைக் கொண்டாட மறுநாள் நாடு முழுவதும் விடுமுறை என்று சவூதி மன்னர் அறிவித்திருந்தார். அதை வாசித்துக் காட்டியபோது பெரியப்பா நீண்ட நேரம் சிரித்தார்.

"பதினாலு வருசம் இருந்தனான் தம்பி, எனக்கு ஒருக்காலும் இப்பிடி ஒரு லீவு கிடைக்கேல்லையே" என்றார்.