தெர்மாமீட்டர் தாங்காத சூடு

1,00,000 கெல்வினில் இருக்கும் அலுமினியத்தில் எலக்ட்ரான்கள் எப்படி நடந்துகொள்ளும் என்று கணினியில் கணக்குப் போடுவது என் வேலை. ஊருக்குப் போனால், "அந்தச் சூட்டில் அலுமினியம் ஆவியாகிவிடாதா?" என்று கேட்பார்கள். ஆகிவிடும்தான். ஆனால் லேசர் அடித்த கையோடு, விரிந்து பறக்க நேரம் கிடைப்பதற்குள், திடப்பொருளின் அடர்த்தியும் அந்தச் சூடும் சேர்ந்தே இருக்கும். 2022 டிசம்பர் 5 அன்று அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வகத்தில் 2.05 மெகாஜூல் லேசரைக் கொடுத்து அணுக்கரு இணைவில் 3.15 மெகாஜூல் எடுத்தார்களே, அந்த எரிபொருளும் நசுங்கும் வழியில் இப்படியொரு நிலையைத் தாண்டித்தான் போனது.

குளிர்ந்த உலோகம் என்றால் சூட்டை மறந்துவிடலாம். சூடான மெல்லிய பிளாஸ்மா (எலக்ட்ரான்கள் பிரிந்துபோன வாயு) என்றால் குவாண்டம் விதிகளை மறந்துவிடலாம். இங்கே இரண்டுக்கும் வழியில்லை. குளிரிலும் குவாண்டம் விதிகளால் எலக்ட்ரான்கள் எட்டும் உச்ச ஆற்றலை ஃபெர்மி ஆற்றல் என்பார்கள்; அலுமினியத்தில் அது 11.7 எலக்ட்ரான் வோல்ட், அதாவது ஏறக்குறைய 1,35,000 கெல்வின். சூடும் கிட்டத்தட்ட அந்த அளவுதான்.

எலக்ட்ரான் அடர்த்தியை வைத்துப் போடும் டிஎஃப்டி (அடர்த்திச் சார்பியக் கோட்பாடு) கணக்கு சூடான பொருளுக்கும் செல்லும் என்று 1965இலேயே இயற்பியலாளர் மெர்மின் காட்டிவிட்டார். செலவுதான் நம் தலையில். சூடு ஏற ஏற எலக்ட்ரான்கள் மேல் ஆர்பிட்டல்களுக்கு, அதாவது ஆற்றல் கூடிய குவாண்டம் நிலைகளுக்கு, பரவும். வெப்பநிலை இரண்டு மடங்கானால் கணக்கில் சேர்க்க வேண்டிய ஆர்பிட்டல்கள் மூன்று மடங்கை நெருங்கும். வழக்கமான முறையில் கணக்கின் நேரமோ ஆர்பிட்டல் எண்ணிக்கையின் மும்மடியாக ஏறும். சூப்பர் கம்ப்யூட்டர் க்யூவில் காத்திருந்து ஓடிய ஜாப் முடிந்ததும் நான் முதலில் பார்ப்பது கடைசி ஆர்பிட்டலில் எவ்வளவு எலக்ட்ரான் இருக்கிறது என்பதைத்தான். அது சுழியை ஒட்டி இல்லையென்றால் மற்ற எண்களைப் பார்த்துப் பயனில்லை.

அப்புறம்தான் எலக்ட்ரான்களைச் சின்ன அலை ஒன்றால் தட்டிப் பார்ப்போம். குளிர்ந்த அலுமினியத்தில் 15 எலக்ட்ரான் வோல்ட் பக்கம் எல்லாம் சேர்ந்து ஊசலாடும், அதுதான் பிளாஸ்மான். வரைபடத்தில் அது ஒரே முகடாக வர வேண்டும். எலக்ட்ரான் அலைகளின் திசையையும் நீளத்தையும் குறிக்கும் அலைத்திசையன் புள்ளிகளை நெருக்கமாக எடுக்காவிட்டால் சீப்புப் பல்லாக வரும். வரைபடத்தைச் செயற்கையாக அகலப்படுத்தி மழுப்ப ஈட்டா என்றொரு எண் இருக்கிறது. அதைக் கூட்டினால் பற்கள் மறைந்து கோடு அழகாகிவிடும். முகட்டின் உண்மையான அகலமும் கூடவே மறைந்துவிடும். அழகான வரைபடத்தைக் கண்டால் ஈட்டா எவ்வளவு என்று கேட்பது எங்களுக்குள் கிட்டத்தட்ட வணக்கம் சொல்வது மாதிரி ஆகிவிட்டது.

இதைவிடப் பெரிய தொல்லை வெப்பநிலை. அந்தச் சூட்டில் தெர்மாமீட்டர் செருக முடியாது. எக்ஸ்-கதிரைச் சிதறவிட்டு, கிடைக்கும் நிறமாலையோடு எந்த வெப்பநிலையில் போட்ட கணக்கு பொருந்துகிறதோ அதுதான் வெப்பநிலை என்பார்கள். அதே கணக்கு சரியா என்று பார்க்கவும் அதே நிறமாலைதான். பரீட்சை எழுதியவனே விடைத்தாளைத் திருத்துகிற கதை.

2022இல் டோர்ன்ஹைம் என்ற இயற்பியலாளரும் சக ஆய்வாளர்களும் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். வெப்பச் சமநிலையில், எக்ஸ்-கதிர் குறிப்பிட்ட அளவு ஆற்றலை இழந்து சிதறும் பக்கத்துக்கும் அதே அளவு ஆற்றலைப் பெற்றுச் சிதறும் பக்கத்துக்கும் உள்ள விகிதம் வெப்பநிலையை மட்டுமே பொறுத்தது. கருவி நிறமாலையை மங்கலாக்குவதால் அந்த விகிதத்தை நேராக எடுக்க முடியாது. லாப்லாஸ் மாற்றம் என்ற கணித உத்தியைச் செய்துவிட்டால் அந்த மங்கல் வெறும் பெருக்கலாகிவிடும், வகுத்துத் தள்ளிவிடலாம். மிச்சமிருக்கும் கோட்டின் சமச்சீர் மையத்தைப் பார்த்தால் வெப்பநிலை தெரியும், பொருத்திப் பார்க்கக் கணக்கு எதுவும் வேண்டாம். கல்லூரியில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த மாற்றம் இப்படி வேலைக்கு வரும் என்று யார் நினைத்தார்கள்!

சூடு குறைவாக இருக்கும்போது மட்டும் இந்த வழி சிரமம். 10,000 கெல்வின் பக்கம் போனால் ஆற்றல் பெற்று வரும் ஃபோட்டான்கள் இரைச்சலில் மூழ்கிவிடும். அந்த இடத்துக்கு இன்னும் பழைய முறைதான், கூடுதல் ஜாப்கள்தான், க்யூதான்.