பழைய சீட்டைக் கழற்றும் பையன்களுக்காக

பல்லடம், சோமனூர், மங்கலம் பக்கம் தறிக்குடோன்களுக்குக் கூரை மாற்றிக் கொடுப்பது என் தொழில். அந்தக் காலத்தில் போட்ட ஆஸ்பெஸ்டாஸ் சீட்டை இறக்கிவிட்டுக் கலர் சீட் போடச் சொல்லி இப்போது நிறையப் பேர் கூப்பிடுகிறார்கள். குடோன்காரர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "ஏனுங்க, இதுக்கடியிலதான் இத்தனை வருசம் தறி ஓட்டுனோம். கேன்சர் வந்துருமுங்களா?"

உடையாமல் கிடக்கிற சீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் நார் சிமெண்டோடு இறுகிக் கிடக்கும், அதனால் ஆபத்து குறைவு என்பேன். எனக்கு கவலையெல்லாம் மேலே ஏறி அதைக் கழற்றுகிற பையன்களைப் பற்றித்தான்.

சீட்டைப் பிடித்திருக்கும் கொக்கி மாதிரியான ஜே போல்ட் துருப்பிடித்திருந்தால் ஸ்பேனருக்கு மசியாது. உடனே கிரைண்டரை எடுப்பார்கள். நட்டை அறுக்கும்போது வீல் சீட்டிலும் உரசும், வெள்ளையாகத் தூள் கிளம்பி இமை, புருவமெல்லாம் படியும். அந்தத் தூளாவது கண்ணுக்குத் தெரிகிறது. அதிலிருக்கும் நார் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிசு, கண்ணுக்கே தெரியாது. மூக்கில் கட்டிய துண்டு அதைத் தடுக்காது. உள்ளே போய்த் தங்கினால் உடம்பால் கரைக்க முடியாது. நுரையீரல் புற்றுநோயோ, நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் வரும் மீசோதீலியோமாவோ வருவதற்கு 20 முதல் 40 வருடம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். இருபது வயதில் கூரை ஏறியவன் அறுபதில் மூச்சு வாங்கும்போது யாருக்கு இந்த ஞாபகம் வரும்? எங்கள் ஊரில் பஞ்சுத்தூசி மேலே பழி போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள்.

கூரை வேலையோடு இது முடியவில்லை. சங்ககிரி, நாமக்கல் பக்கம் லாரிப் பட்டறைகளில் பிரேக் டிரம்மைக் கழற்றியதும் ஏர் பிடித்து ஊதுவார்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. சாயப்பட்டறையில் பழைய பாய்லர் இருந்தால் அதன் கதவில் வைத்த கயிறு, நீராவிக் குழாயில் சுற்றிய பூச்சு இதையெல்லாம் பிரிக்கிறவர்களுக்கும் அதே கதைதான். 1960-களில் நியூயார்க்கில் டாக்டர் இர்விங் செலிகாஃப் ஆராய்ந்தது இப்படிக் குழாய்க்கு வெப்பக்காப்பு சுற்றும் தொழிலாளர்களைத்தான். நுரையீரல் புற்றுநோய் அவர்களை எந்த அளவு வாட்டியது என்பதை உலகத்துக்குக் காட்டியவர் அவர். சிகரெட்டும் சேர்ந்தால் ஆபத்து கூட்டல் கணக்கில் இல்லை, பெருக்கல் கணக்கில் ஏறுகிறது என்பதும் அந்த ஆராய்ச்சிகளில் வெளியே வந்ததுதான். பீடி பிடிக்கிற பையன்களிடம் இதை நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். அப்புறம் வேலைத் துணி. அதை உதறித் துவைக்கிற அம்மாவுக்கும் வீட்டுக்காரிக்கும் அந்த நார் போய்ச் சேரும். அதனால் வேலை நடக்கிற இடத்திலேயே துணி மாற்றச் சொல்கிறேன்.

என் வேலையில் முதலில் தண்ணீரில் கொஞ்சம் சோப்பு கலந்து சீட்டை நனைத்துவிடுவோம். கிரைண்டரைத் தொடாமல் போல்ட்டைக் கைக் கட்டர் வைத்து வெட்டுவோம். சீட்டைத் தூக்கிப் போடாமல் முழுசாகக் கயிறு கட்டி இறக்குவோம். மிக நுண்ணிய தூசியையும் பிடிக்கிற பி100 வடிகட்டி வைத்த ரப்பர் மாஸ்க் இல்லாமல் யாரும் ஏறக்கூடாது. வெயிலில் அதைப் போட்டுக்கொண்டிருப்பது சிரமம்தான், அதற்காகவே நேரத்தில் ஆரம்பித்துப் பத்து மணிக்கு இறங்கிவிடுகிறோம். உடைந்த துண்டுகளை இட்டேரி என்கிற தோட்டத்து வண்டிப்பாதைப் பள்ளத்தில் கொட்டச் சொன்னால் நான் சம்மதிப்பதில்லை. டிராக்டர் ஏறி ஏறி அது மாவாகிவிடும், அந்த வழியாகத்தான் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களின் மருத்துவப் பதிவேட்டைக் குறைந்தது 40 வருடம் வைத்திருக்க வேண்டும் என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அன்றாடக் கூலிக்கு வருகிற பையனுக்கு எந்தப் பதிவேடு இருக்கிறது? அதனால் நானே ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். யார், எந்த ஊர்க் குடோன், எந்த மாதம், எத்தனை நாள் என்று எழுதி, ஆளுக்கொரு ஜெராக்ஸ் கொடுக்கிறேன். என்றைக்காவது இருமலென்று டாக்டரிடம் போனால் எக்ஸ்ரேயோடு அந்தத் தாளையும் மேசையில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். கூரை வேலை எடுக்கும் மற்ற அண்ணன்மாரும் இப்படி ஒரு நோட்டுப் போடுங்க. எப்படி எழுதுவது என்று கேட்டால் என்னுடையதைக் காட்டுகிறேன்.