நியாலில் சோளம் இறக்க இரண்டு பக்கமும் கையெழுத்து வாங்கிய பாடு

மூன்று நாள் வீண். தெற்கு சூடானில் எதிர்த்தரப்பின் பிடியில் இருந்த நியால் என்ற ஊரில் விமானத்திலிருந்து சோளம் போட அனுமதி கேட்டு எழுதிய கடிதம் அது. காரணம், அதில் இருந்த ஒரே ஒரு வரி: மாநிலத்தின் பெயர்.

2013 டிசம்பரில் உள்நாட்டுப் போர் மூண்ட பிறகு தெற்கு சூடானில் நிவாரண வேலை பார்த்தவர்களுக்கு இரட்டை அனுமதி பழகிய சங்கதி. பறக்கும் பாதை, தேதி, இறங்கும் ஆட்களின் பட்டியல் மூன்றும் தலைநகர் ஜூபாவில் இருந்த அரசுக்கும் போக வேண்டியிருந்தது, அதை எதிர்த்துப் போரிட்ட ரியெக் மச்சாரின் தரப்புக்கும் போக வேண்டியிருந்தது. 2014 ஆகஸ்ட் 26 அன்று பென்டியு நகருக்கு அருகே ஐ.நா. ஹெலிகாப்டரைச் சுட்டு வீழ்த்தியதில் ரஷ்யர் மூவர் இறந்தார்கள். அதன் பிறகு வாய்ச்சொல்லை நம்பி எந்த விமானியும் கிளம்பவில்லை. அது நியாயம்தான்.

வினை வந்தது 2015 அக்டோபரில். அதிபர் சல்வா கீர் 10 மாநிலங்களை 28 ஆக்கினார். யூனிட்டி மாநிலம் மூன்றாக உடைந்து, நியால் இருக்கும் பகுதி 'தெற்கு லியெச்' ஆனது. எதிர்த்தரப்பு இதை ஏற்கவில்லை. அப்போது பழைய பெயரை எழுதினால் ஜூபாவில் கடிதம் நகரவில்லை, புதுப் பெயரை எழுதினால் மறுபக்கம் தொடவில்லை. நாங்கள் எழுதியது பழைய பெயர். ஜூபா அலுவலக எழுத்தர் இரண்டு நாள் "நாளைக்கு வாங்க" என்று சொல்லிவிட்டு, மூன்றாம் நாள்தான் காரணத்தைச் சொன்னார். ஆகவே நீங்கள் மாநிலத்தின் பெயர் உள்ள வரியையே எடுத்துவிடுங்கள். 'நியால், பன்யிஜியார் கவுண்டி' என்று போட்டு, பக்கத்தில் அட்சரேகை தீர்க்கரேகை கொடுத்தால் போதும்.

அதிலும் ஒரு பொறி உண்டு. 7.50 என்றால் 7 பாகை 30 நிமிடம். அதை 7 பாகை 50 நிமிடம் என்று படித்தால் விமானம் 37 கி.மீ. வடக்கே போய்விடும், அங்கே யார் துப்பாக்கியோடு நிற்கிறார்களோ! இரண்டு வடிவத்திலும் எழுதிக் கொடுங்கள்.

ஆட்களின் பட்டியல்தான் எல்லாவற்றையும்விடக் கடினம். இங்கே பெயரே இனத்தைச் சொல்லிவிடும். 'கட்', 'ஞா' என்று தொடங்கினால் பெரும்பாலும் நூயர், மச்சாரின் இனம். 2013 டிசம்பர் 15 இரவு ஜூபாவில் சண்டை மூண்ட பின், சுதந்திரம் கிடைத்து இரண்டரை ஆண்டுகூட ஆகாத அந்த நகரத்தில், நெற்றியில் கீறிய இனத் தழும்புக் கோடுகளைப் பார்த்தும் கீரின் இனமான டிங்காவின் மொழியில் கேள்வி கேட்டும் நூயர் ஆண்களைப் பிரித்தெடுத்துக் கொன்றார்கள். உயிர் தப்பியவர்கள் ஐ.நா. முகாமுக்குள் ஒதுங்கினார்கள். நியாலில் பேச வேண்டிய மொழி அவர்களுடையது, ஆனால் முகாமிலிருந்து விமான நிலையம் வரையிலான சாலை அப்போது அவர்களுக்குப் பாதுகாப்பாக இருக்கவில்லை. ஆகவே உணவு வாங்குவோரின் பெயர் பதிவுக்கு நியாலிலேயே ஆள் எடுங்கள். டிங்கா சகாக்களை நியாலுக்கு அனுப்புவதிலும் இதே ஆபத்து உண்டு. அவர்களிடம் தனியே கேளுங்கள், 'வரவில்லை' என்றால் காரணம் கேட்காதீர்கள்.

கடிதம் போன பிறகு பட்டியலில் கை வைக்கவும் கூடாது. எங்கள் கடிதத்தில் ஏழு பேர், விமானப் பட்டியலில் ஆறு பேர். ஒருவருக்குக் காய்ச்சல். அந்த ஒரு தலைக்காக மறுபடியும் முதலிலிருந்து.

களத்தில் பதிவு தகராறில்லாமல் முடிந்தது. ஆளுக்கு மாதம் 15 கிலோ சோளம். ஒரு இல்யூஷின்-76 சரக்கு விமானம் கொண்டுவருவது சுமார் 30 டன், அதாவது 2,000 பேருக்கு ஒரு மாதம். அக்கம்பக்கத்து லெயர், மயென்டிட் கவுண்டிகளில் நடக்கும் சண்டைக்குப் பயந்து சதுப்பு வழியே வந்துகொண்டே இருந்தவர்களைக் கணக்கில் சேர்க்காவிட்டால் கடைசி நாள் கூட்டத்துக்குப் பதில் சொல்ல முடிந்திருக்காது.

மூட்டை விழும் திடல் ஒரு கிலோமீட்டராவது நீளம் வேண்டும். 50 கிலோ மூட்டை ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்திலிருந்து பாராசூட் இல்லாமல் வரும். சாக்குக்குள் சாக்கு போட்டுக் கட்டியும் சில வெடிக்கும். மனிதர்களை ஓரம் நிறுத்திவிடலாம், மாடுகளை நிறுத்துவதுதான் பாடு. விமானம் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மாட்டுப் பையன்களிடம் சொல்லிவிடுங்கள். சிதறிய சோளத்தைப் பொறுக்க ஓடும் சிறுவர்களை, கடைசிச் சுற்று முடிந்தது என்று விமானி ரேடியோவில் சொல்லும்வரை விடவே கூடாது.

இன்னொன்று: அனுமதிக் கடிதத்தில் ஒற்றைத் தேதி வேண்டாம், 'இந்த நாள் முதல் இந்த நாள் வரை' என்று வாங்குங்கள். எங்களுடையது ஒற்றைத் தேதி. அன்று காலை ஐந்து மணிக்கே மழை பிடித்துக்கொண்டது.