அப்பாவின் கசெட்டுக்கு ஒரு சின்ன ஹார்ன்

எங்கள் வீட்டில் ஒரு கசெட் இருக்கிறது. இலங்கை மலையகத்தில், மவுசாகலை நீர்த்தேக்கத்துக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயில் முற்றத்தில் ஒரு மாசி மாத இரவில் பதிந்தது. காமன் கூத்து, மன்மதன் ரதி கதையை ஆடுவது. அப்பா ரதி வேடம் கட்டிப் புலம்பல் பாடுகிறார். அவர் போய் பதினொரு வருடமாகிறது. அவருடைய குரல் எங்களிடம் இருப்பது அந்த ஒரு கசெட்டில் மட்டும்தான்.

சித்தப்பாவுக்கு இப்போது எழுபத்து நான்கு வயது. போன வருடம் அந்தக் கசெட்டை ஃபோனுக்கு மாற்றி, ஒரு புளூடூத் ஸ்பீக்கரில் அவருக்குப் போட்டுக் காட்டினேன். முழுதாகக் கேட்டுவிட்டு, "அண்ணன் கொரல் கேக்குது புள்ள. என்னா பாடுறாருன்னுதான் வெளங்கல" என்றார்.

நான் ஹட்டன் பக்கம் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். சித்தப்பா சொன்னதில் ஒரு துல்லியம் இருந்தது. குரலின் கனம் பெரும்பாலும் உயிரெழுத்தில்தான் இருக்கிறது, அது கீழ் சுரத்தில் வரும். சொல்லைச் சொல்லாக்குகிற க, ச, ட, த எல்லாம் பெரும்பாலும் 1000 ஹேர்ட்ஸுக்கு மேலே, 4000 வரைக்கும் பரந்து கிடக்கின்றன. வயதானால் காது மேல் சுரத்திலிருந்துதான் தேயத் தொடங்கும். ஆகவே குரல் கேட்கும், பேச்சு விளங்காது. சத்தத்தைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று தோன்றும். ஆனால் சித்தப்பா இருப்பது இன்னும் லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில். அடுத்த காம்பராவில் காலையில் பிரட்டுக்கு, வேலைக்குப் பேர் கொடுக்க, போகிறவர்கள் தூங்குவார்கள்.

அப்போதுதான் அவருடைய பழைய தொழில் நினைவுக்கு வந்தது. சித்தப்பா ஸ்பீக்கர் கட்டுகிறவர். இரண்டு ஹார்ன் (புனல் மாதிரி விரியும் ஒலிபெருக்கி), ஒரு ஆம்பிளிபையர், ஒரு 12 வோல்ட் கார் பற்றரி. இவ்வளவையும் தோளில் சுமந்துகொண்டு தோட்டம் தோட்டமாகப் போவார். திருவிழா, கல்யாணம், கூத்து, கூட்டம், எதுவென்றாலும் சவுக்கு மரத்தில் ஏறி ஹார்னைக் கட்டுவார். குளிரான இரவில் பள்ளத்தாக்கின் அடியில் குளிர்ந்த காற்று தங்கி, மேலே கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கும். சத்தம் மேலே போகப் போகக் கீழ்நோக்கி வளைந்து வரும். அக்கரைத் தோட்டத்துப் பாட்டு தண்ணீரைத் தாண்டி எங்கள் லயத்து வாசலில் வந்து நிற்பது அதனால்தான். சின்ன வயதில் நீர்த்தேக்கம் கட்டியபோது மூழ்கி அந்தத் தண்ணீருக்குள் கிடக்கிற பழைய மஸ்கெலியாக் கோயிலில்தான் பாட்டுப் போடுகிறார்கள் என்று நான் நம்பியிருந்தேன்.

அந்த ஹார்ன்கள் சில வாட்டில் ஒரு மலையையே எழுப்பின. எப்படி? இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது நான் கங்காணியைக் காட்டுவேன். எதிர் மலையில் கொழுந்து எடுக்கிறவர்களைக் கூப்பிட அவர் இரண்டு கையையும் குவித்து வாயில் வைப்பார். தொண்டையில் புதிதாக எந்தச் சக்தியும் வருவதில்லை. ஆனால் இருக்கிற சக்தி வீணாகாமல் காற்றுக்குள் போகிறது. சாதாரண ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு காற்றைத் தள்ளும்போது காற்று பக்கவாட்டில் நழுவிவிடும். கொடுத்த மின்சக்தியில் நூற்றுக்கு ஒன்று கூடச் சத்தமாகத் தேறாது. அதே சக்தியை ஒரு சின்ன டயபிரம் (அதிரும் மெல்லிய தகடு) வழியாக ஒடுக்கமான கழுத்துக்குள் விட்டு, மெல்ல மெல்ல அகலமாகும் குழாயில் நடத்தினால் காற்றுக்கு நழுவ இடமில்லை. நூற்றுக்கு 20, 30 கூடத் தேறும். வெப்ஸ்டர் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 1919இல் இதற்குச் சமன்பாடு எழுதினார். 1924இல் ஹன்னாவும் ஸ்லெப்பியனும் அடுக்குக்குறி வளைவில், அதாவது சம தூரத்துக்குச் சம மடங்காக, விரியும் ஹார்னுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்.

சரி, சித்தப்பாவின் ஹார்னையே காம்பராவுக்குள் வைத்தால் என்ன? வைத்துப் பார்த்தோம். காது கிழிந்தது. அந்த ஹார்னுக்குள் சத்தம் முதலில் நடுக்குழாயில் முன்னால் போய், ஒரு கிண்ணத்தில் முட்டிப் பின்னால் திரும்பி, மறுபடி வெளி மணியில் முன்னால் வருகிறது. நீளத்தை மூன்றாக மடித்து வைத்திருக்கிறார்கள். மரத்தில் கட்டவும் மழையைத் தாங்கவும் அது நல்ல ஏற்பாடு. ஆனால் ஒவ்வொரு மடிப்பிலும் மேல் சுரங்கள் குழம்பும், தகரமும் தன் பங்குக்குக் கூடவே பாடும். எனக்கு வேண்டியது அந்தச் சுரங்கள்தான். ஆகவே மடிக்காமல், நேராக, ஆனால் மேசையில் வைக்கிற அளவில் ஒன்று செய்யத் தீர்மானித்தேன்.

இதில் அளவுதான் எல்லாம். ஒரு ஹார்ன் எவ்வளவு கீழே வேலை செய்யும் என்பதை அதன் வாய் முடிவு செய்கிறது. வாயின் சுற்றளவு குறைந்தது ஓர் அலைநீளம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெளியே போக வேண்டிய சத்தத்தில் ஒரு பகுதி வாயிலேயே முட்டித் திரும்பும். எங்கள் ஊர்க் குளிரில், 15 பாகையில், ஒலி விநாடிக்கு 340 மீட்டர் போகும். (உயரத்தால் இது மாறுவதில்லை, குளிரால்தான் மாறுகிறது. பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் இதில் தவறுவார்கள்.) 100 ஹேர்ட்ஸ் வேண்டுமென்றால் வாய் ஒரு மீட்டருக்கு மேல் அகலம். அதை வைத்தால் சித்தப்பா வெளியே படுக்க வேண்டும். 300 ஹேர்ட்ஸுக்கு 36 சென்டிமீட்டர். 400க்கு 27.

சிறியதாகவும் வேண்டும், கீழ்ச் சுரமும் வேண்டும் என்றால் வழி இல்லாமல் இல்லை. பால் கிளிப்ஷ் என்பவர் 1941இல் வெளியிட்ட வடிவத்தில் ஹார்னை மடித்து அறையின் மூலையில் வைத்து, சுவர்களையே வாயின் மிச்சப் பகுதியாக ஆக்கிக்கொண்டார். மூலையில் வைத்தால் வாயின் பரப்பு எட்டில் ஒரு பங்கு போதும். அழகான யோசனை. அதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. ஆனால் அது அலுமாரி அளவு. சித்தப்பாவின் மூலையில் ஏற்கனவே சாமிப் படம் இருக்கிறது.

நான் யோசித்தது வேறு. சித்தப்பாவுக்குக் குரல் ஏற்கனவே கேட்கிறது, பேச்சுத்தான் விளங்கவில்லை. அப்படியென்றால் கீழ்ச் சுரத்தை ஒரு சாதாரண 8 அங்குல ஸ்பீக்கர் பார்த்துக்கொள்ளட்டும். ஹார்ன் சொல்லை மட்டும் சுமக்கட்டும். 400 ஹேர்ட்ஸுக்கு வடிவமைத்து, 900க்கு மேலே மட்டும் வேலை வாங்கினால் அது தன் எல்லையில் திணறாது. 27 சென்டிமீட்டர் வாய். கிட்டத்தட்ட ஒரு சோற்றுத் தட்டு.

அடுத்தது வளைவு. 1920களில் இங்கிலாந்தில் பால் வொய்ட் பயன்படுத்திய ட்ராக்ட்ரிக்ஸ் வளைவை எடுத்தேன். 1 அங்குலக் கழுத்திலிருந்து 27 சென்டிமீட்டர் வாய்க்கு வர அடுக்குக்குறி வளைவுக்கு 32 சென்டிமீட்டர் வேண்டும், இதற்கு 28 போதும். அதைவிட, இந்த வளைவைக் கணக்கே இல்லாமல் வரையலாம். கொழுந்துச் சாக்கைக் கயிற்றில் கட்டி, கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நேர் பாதையில் நடப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். சாக்கு முதலில் பாதைக்குப் பக்கவாட்டில் கிடக்கிறது. நடக்க நடக்க அது வளைந்து பாதையை நெருங்கி வரும், ஆனால் பாதையில் ஒருபோதும் ஏறாது. அது தரையில் போடுகிற கோடுதான் ட்ராக்ட்ரிக்ஸ். கயிற்றின் நீளம்தான் ஹார்ன் வாயின் ஆரை.

சாக்குக்குப் பதில் ஒரு கனமான நட், அதன் துளையில் ஒரு பென்சில் நுனி, 13.5 சென்டிமீட்டர் தையல் நூல். சமையலறை மேசையில் பிரிஸ்டல் போட்டை விரித்து, அடிமட்டத்தின் ஓரமாக நூல் முனையை மெதுவாக இழுத்தேன். கோடு விழுந்த பிறகு சூத்திரத்தோடு ஒப்பிட்டேன். வாயிலிருந்து 2 சென்டிமீட்டர் உள்ளே ஆரை 10, 10 சென்டிமீட்டரில் 5, 19இல் இரண்டரை. ஒரு மில்லிமீட்டர் முன்னே பின்னே. இவ்வளவு காலம் கற்பித்ததில் அந்த மாலை எனக்கு மிகப் பிடித்த மாலைகளில் ஒன்று. மறுநாள் அதே நட்டை வகுப்புக்குக் கொண்டுபோனேன்.

கோட்டைத் தகரத்தில் வெட்டி, ஓர் இரும்புக் கம்பியைச் சுற்றி அந்தத் தகரத்தைச் சுழற்றி, களிமண்ணைச் சீவி அச்சு செய்தேன். வாய் கீழே, கழுத்து மேலே. மேலே ஷொப்பிங் பையைச் சுற்றி, பழைய வீரகேசரியைக் கிழித்துக் கோதுமை மாப் பசையில் தோய்த்து ஒட்டினேன். காகிதத்தை எடுத்ததற்குக் காரணம், அது தகரம் மாதிரி ரீங்கரிக்காது.

முதல் ஹார்ன் வீணாகிப் போனது. ஜூலை மாதம், மழை விடவே இல்லை, நான் அவசரப்பட்டு இரண்டு நாளில் 30 அடுக்கையும் ஒட்டிவிட்டேன். வெளியே காய்ந்து உள்ளே நனைந்திருந்தது. ஒரு வாரத்தில் பூஞ்சணம் பிடித்து, கழுத்து முட்டை வடிவமாகச் சப்பிப்போனது. கழுத்து கோணினால் மேல் சுரம் கெடும் என்பதால் தூக்கி எறிய வேண்டியதாயிற்று. இரண்டாவதில் ஒரு நாளைக்கு மூன்றே அடுக்கு. இரவில் அடுப்புக்கு மேலே பரணில் வைத்துக் காய வைத்தேன். பூஞ்சணம் பிடிக்காமல் இருக்கப் பசையில் கொஞ்சம் மயில்துத்தம் கலக்கச் சொன்னது அம்மா. தேயிலையில் கொப்புள நோய்க்குச் செம்பு மருந்து அடிக்கிற ஊரில் இது எனக்கே தோன்றியிருக்க வேண்டும். அது நஞ்சு, கையுறை போட்டுத்தான் ஒட்டினேன். பத்து நாள் கழித்துக் கழற்றியபோது ஓடு 4 மில்லிமீட்டர் தடிப்பில், தட்டினால் 'டொக்' என்று செத்த சத்தத்தோடு வந்தது. அந்தச் செத்த சத்தம்தான் வேண்டும்.

வாயின் விளிம்பில் ஒரு சைக்கிள் டியூப்பை வைத்து அதன் மேலும் காகிதம் ஒட்டினேன். கூரான விளிம்பில் சத்தம் முட்டிச் சிதறும், உருண்டையாக இருந்தால் வழுக்கிக்கொண்டு போய்விடும். கழுத்துக்குச் சித்தப்பாவின் நசுங்கிப்போன ஒரு ஹார்னிலிருந்து மரையோடு கூடிய துண்டை அரத்தால் அறுத்து எடுத்தோம். அவருடைய பழைய யூனிட், டயபிரம் இருக்கிற பாகம், அதில் அப்படியே திருகிக்கொண்டது.

யூனிட்டுக்கு முன்னால் ஒரு 22 மைக்ரோ பரட் கெப்பாசிற்றர். இதை யாரும் விட்டுவிடாதீர்கள். 8 ஓமில் அது 900 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைப் படிப்படியாகக் குறைக்கும். ஹார்னின் எல்லைக்குக் கீழே டயபிரத்துக்கு முன்னால் காற்றின் எதிர்ப்பே இருக்காது. படிக்கட்டு முடிந்தது தெரியாமல் காலை வைப்பதுபோல அது தாறுமாறாக ஆடிக் கிழிந்துபோகும். "புதுப் பாட்டு வந்தப்புறம்தான் மாசத்துக்கு ஒரு யூனிட் போச்சு" என்று சித்தப்பா சொல்வார். அந்தப் பாட்டுகளில் இருந்த பேஸ், அந்தக் கனத்த கீழ்ச் சுரம்தான் காரணம் என்று இந்தக் கெப்பாசிற்றரை ஒட்டும்போது அவருக்கு விளக்கினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "முப்பது வருசத்துக்கு முந்தி நீ பெரிய மனுசியா இருந்திருக்கணும்" என்றார்.

ஹார்ன், ஸ்பீக்கரை விட மிகச் சத்தமாகப் பேசும். அதனால் அதற்குப் போகிற சிக்னலை ரெசிஸ்டர் போட்டுக் குறைத்தேன். எவ்வளவு என்று காதால் பார்த்துத்தான் முடிவு செய்தோம். நான் மாற்ற மாற்ற, அவர் கட்டிலில் உட்கார்ந்து விரலால் மேலே, கீழே என்று காட்டினார். எனக்குச் சரியாகப் பட்ட அளவுக்கு ஒரு படி மேலே அவர் நிறுத்தினார். அவருடைய காதுக்காகச் செய்தது, ஆகவே அவர் சொன்ன இடத்திலேயே விட்டேன்.

அப்புறம் கசெட்டைப் போட்டோம். ரதி புலம்பல். சத்தம் பேச்சளவுதான், பக்கத்துக் காம்பராவில் யாரும் அசையவில்லை. சித்தப்பா அடிகளை முணுமுணுக்கத் தொடங்கினார், அப்பாவுக்கு ஒரு சொல் முன்னாலேயே. மூன்றாவது அடி முடிந்து தப்பு மேளம் இறங்குகிற இடத்தில் அப்பா ஏதோ இழுப்பார். அதைப் பாட்டின் ஒரு பகுதி என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். சித்தப்பா கையைத் தூக்கினார்.

"திருப்பிப் போடு."

போட்டேன்.

"சாக்க மூடுன்னு சொல்றாரு. எனக்குத்தான். அன்னைக்கு மழ புடிச்சிருச்சி. ஆம்பிளிபையர் நனையப் போவுதுன்னு, பாடிக்கிட்டே சொல்றாரு."

இன்னொரு தடவை போட்டோம். "தம்பி, சாக்க மூடு." அதே ராகத்தில், ரதியின் அழுகை கலையாமல். நாடா இரைச்சல் என்று நான் நினைத்திருந்ததில் ஒரு பகுதி கோயில் தகரத்தில் விழுகிற மழை. அதுவும் இப்போது தெரிகிறது. தூறலாகத் தொடங்கி, நான்காவது அடிக்குள் கனக்கிறது.

அடுத்த பக்கத்தையும் கேட்க வேண்டும் என்கிறார். அதற்குள் இன்னொரு ஹார்னும் செய்துவிடலாம் என்று இருக்கிறேன். களிமண் அச்சு வெடிக்காமல் சமையலறை மூலையில் ஈரச் சாக்குக்குக் கீழே இருக்கிறது.