சுபாவம் என்று முடிவு கட்டுவதற்கு முன்

என் தம்பிக்கு ஆட்டிசம் இருக்கிறது. வலிப்பு நோயும் இருக்கிறது. அவற்றோடு அறிவுத்திறன் வளர்ச்சியிலும் குறைபாடு உண்டு. பேச்சு மிகக் குறைவு. வளர்ந்து ஆளாகிவிட்ட பிறகும் அன்றாட வேலைகள் பலவற்றுக்கு அவனுக்கு ஒருவருடைய துணை தேவைப்படுகிறது. இத்தகைய வாழ்க்கையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் குடும்பத்தாரின் பொறுமையையும் தியாகத்தையும் பாராட்டுவார்கள். பொறுமை வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அக்காவாக இத்தனை ஆண்டுகள் அவனோடு இருந்ததில் நான் கண்டது, அதைவிடப் பல மடங்கு தேவைப்படுவது கூர்ந்து கவனிக்கும் பழக்கம்தான். அவன் எதைச் செய்தாலும் ‘ஆட்டிசம் உள்ளவர்கள் அப்படித்தான், அது அவன் சுபாவம்’ என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் யாரும் எதையும் தேட வேண்டியதில்லை. அந்த ஒரு வாக்கியத்தால் அவன் பட்ட துன்பத்தைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

சிறு வயதிலிருந்தே அவன் ஒன்றையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருப்பான். சுழலும் மின்விசிறி, குழாயிலிருந்து மெல்லிய தாரையாக விழும் தண்ணீர், சுவரில் அசையும் வெளிச்சம் ஆகியவை அவனுக்கு மிகவும் பிடித்தவை. ஆகையால் பதின்ம வயதில் அவன் பார்வை அவ்வப்போது நிலைகுத்தி நின்றபோது, அதை யாரும் புதிதாகக் கருதவில்லை. அம்மாதான் முதலில் வேறுபாட்டைக் கண்டார். மின்விசிறியைப் பார்க்கும்போது அவன் முகத்தில் ஒரு நிறைவு தெரியும். தோளைத் தொட்டால் எரிச்சலுடனாவது திரும்பிப் பார்ப்பான். இந்தப் புதிய பார்வை அப்படிப்பட்டதல்ல. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருக்கும் கை பாதியில் நின்றுவிடும். உதடுகள் எதையோ சுவைப்பதுபோல் அசையும். விரல்கள் சட்டை நுனியைத் திரும்பத் திரும்பக் கசக்கும். பெயர் சொல்லி அழைத்தாலும் தோளைப் பிடித்து அசைத்தாலும் அவனிடமிருந்து எந்தப் பதிலும் வராது. ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் அது விலகும். பிறகு எங்கே இருக்கிறோம் என்று புரியாதவனாகச் சுற்றிலும் பார்த்துவிட்டு, களைத்துப்போய்ப் படுத்துவிடுவான்.

வலிப்பு என்றதும் கீழே விழுந்து கைகால் வெட்டி இழுப்பதையே எல்லோரும் நினைக்கிறார்கள். மூளையின் ஒரு பகுதியில் மட்டும் நரம்பணுக்கள் கட்டுக்கடங்காமல் ஒரே நேரத்தில் மின்சைகைகளை வெளியிடும்போது, உடல் விழாமலேயே நினைவு மங்கிப்போகும் வலிப்பும் வரும். உதடு அசைவதும் விரல்கள் துணியைக் கசக்குவதும் அதன் தெளிவான அடையாளங்கள். குழந்தைகளிடம் அதிகம் காணப்படும் இன்னொரு வகையில், சில நொடிகள் மட்டும் நினைவு அறுந்து, எதுவும் நடக்காததுபோல் உடனே திரும்பிவிடும். முன்னதற்குப் பிறகு குழப்பமும் களைப்பும் இருக்கும், பின்னதற்குப் பிறகு இருக்காது. இந்த வேறுபாடு பெற்றோருக்குத் தெரிந்திருப்பது முக்கியம், ஏனென்றால் இரண்டுக்கும் தரப்படும் மருந்துகள் வேறு. கார்பமாசெபைன் போல முதல் வகைக்கு நன்கு உதவும் ஒரு மருந்து இரண்டாவது வகையை மோசமாக்கிவிடவும் கூடும்.

நாங்கள் முதலில் பார்த்த மருத்துவர் இதெல்லாம் ஆட்டிசத்தில் வழக்கம்தான் என்றார். வற்புறுத்திய பிறகு, மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்யும் இ.இ.ஜி. பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். ஜெர்மன் மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924இல் முதன்முதலாக மனித மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்தார். அந்த முறையை இன்றளவும் வேறெதுவும் முழுமையாக ஈடுசெய்துவிடவில்லை. ஆனால் தலையில் எண்ணெய் தேய்ப்பதையே பொறுக்காத ஒருவனுக்கு, உச்சந்தலை முழுவதும் பசையைத் தடவி மின்முனைகளை ஒட்டி, கம்பிகளோடு அசையாமல் படுக்கச் சொல்வது எப்படிப்பட்ட வேதனை என்பதைப் பரிசோதனைக்கூடத்தில் இருந்தவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. முதல்முறை எல்லாவற்றையும் பிய்த்து எறிந்துவிட்டான். அதன்பின் அம்மா வீட்டிலேயே அவன் நெற்றியில் சிறு ஒட்டுத்தாள்களை ஒட்டி, ஒரு பாட்டு முடியும்வரை வைத்திருந்து எடுப்பதை விளையாட்டாகவே பழக்கினார். அடுத்த முறை முழுப் பதிவும் கிடைத்தது, ஆனால் அதில் எந்தக் கோளாறும் தென்படவில்லை. கருவி பொருத்தியிருக்கும் நேரத்தில் மூளை என்ன செய்கிறதோ அதை மட்டுமே அந்தத் தாள் காட்டும். இரண்டு வலிப்புகளுக்கு இடைப்பட்ட நேரத்தில் அது இயல்பாக இருப்பது அரிதன்று. இயல்பான இ.இ.ஜி. வலிப்பு இல்லை என்பதற்குச் சான்றாகாது. இறுதியில் வழி திறந்தது, கைப்பேசியில் நாங்கள் எடுத்துவைத்த காணொளியால்தான். அதைப் பார்த்த வேறொரு நரம்பியல் மருத்துவர், உதட்டசைவைக் கண்டதுமே நிறுத்தி, மறுபடியும் ஓடவிட்டுப் பார்த்தார். இதே நிலையில் இருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் நான் சொல்வது, தயவுசெய்து காணொளி எடுங்கள்; எத்தனை விரிவாக வாயால் விவரித்தாலும் அதற்கு ஈடாகாது.

ஆட்டிசமும் வலிப்பும் ஒருவரிடமே சேர்ந்திருப்பது தற்செயல் அல்ல. ட்யூபரஸ் ஸ்கிளிரோசிஸ், ரெட் நோய்க்குறி போன்ற சில மரபணுக் கோளாறுகளில் இரண்டும் ஒரே மூலத்திலிருந்து எழுகின்றன. ஆட்டிசம் உள்ளவர்களுக்கு வலிப்பு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். அறிவுத்திறன் குறைபாடும் சேர்ந்திருந்தால் இன்னும் கூடும். சிலருக்குப் பதின்ம வயது வரை காத்திருந்து அது தலைகாட்டும். குழந்தைகள் உளநல மருத்துவர் லியோ கானர் 1943இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதி ஆட்டிசத்தை அடையாளம் காட்டிய பிறகு, நெடுங்காலம் தாயின் பாசக்குறைவே அதற்குக் காரணம் என்று மருத்துவ உலகம் நம்பிக்கொண்டிருந்தது. அந்தக் குழந்தைகளின் தலைமுறை பதின்ம வயதை எட்டியபோது பலருக்கு வலிப்பு வரத் தொடங்கியது. இது தாயின் அன்பைப் பற்றிய கேள்வியே அல்ல, மூளையின் வளர்ச்சியைப் பற்றியது என்பதை உணர்த்திய சான்றுகளில் அதுவும் ஒன்று. எத்தனை தாய்மார்கள் அந்தப் பழியைச் சுமந்துகொண்டே இறந்துபோனார்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கிறது.

நிலைகளைத் தனித்தனிப் பெட்டிகளில் அடைக்கும் வழக்கமும் எளிதில் போய்விடவில்லை. அமெரிக்க உளநல மருத்துவச் சங்கத்தின் வகைப்பாட்டு நூல் 2013இல் திருத்தப்படும்வரை, ஆட்டிசம் உள்ள ஒருவருக்குக் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடும் (ஏ.டி.எச்.டி.) இருப்பதாகக் குறிக்க அதன் விதிகள் இடம் தரவில்லை. இரண்டும் சேர்ந்தே இருந்தவர்கள் அதுவரை ஒன்றுக்கு மட்டுமே உதவி பெற்றார்கள்.

தம்பிக்கு மருந்து தொடங்கியபின் வலிப்பு வெகுவாகக் குறைந்தது. ஆனால் முதலில் கொடுத்த லெவெடிராசிட்டம் அவனை வேறொருவனாக மாற்றியது. காரணமின்றிக் கத்தினான், கதவை ஓங்கி அறைந்தான், என்னை ஒருபோதும் அடிக்காதவன் அடித்தான். எரிச்சலும் கோபமும் அந்த மருந்தின் நன்கு அறியப்பட்ட பக்கவிளைவுகள். அப்படியிருந்தும் சுற்றியிருந்தவர்கள் வயசுக் கோளாறு என்றார்கள், ஆட்டிசம் முற்றுகிறது என்றார்கள். மருந்தைத் தொடங்கிய தேதியையும் கோபம் தொடங்கிய தேதியையும் அருகருகே எழுதிக் காட்டியபோதுதான் மருத்துவர் வேறு மருந்துக்கு மெல்ல மாற்றினார். மெல்ல என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும்: வலிப்பு மருந்தைத் தாமாகத் திடீரென்று நிறுத்தினால், நிற்காமல் தொடரும் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

பிறகு அவனுக்குப் பல்வலி வந்தது. அது பல்வலி என்று எங்களுக்கு அப்போது தெரியாது. தன் கன்னத்தை மூடிய கையால் ஓயாமல் குத்திக்கொண்டான், இரவெல்லாம் விழித்திருந்தான், தூக்கம் கெட்டதால் வலிப்பும் கூடியது. தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வது ஆட்டிசத்தில் உண்டுதான். அதனால் அமைதிப்படுத்தும் மருந்து தரலாம் என்றார் ஒருவர். அம்மா ஒன்றை மட்டும் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்: அவன் எப்போதும் இடப்பக்கம் மட்டுமே குத்திக்கொள்கிறான், குளிர்ந்த தண்ணீரைக் குடிப்பதே இல்லை. பல் மருத்துவர் மயக்க மருந்து கொடுத்துப் பார்த்தபோது இடது கீழ்ப்பக்கக் கடைவாய்ப்பல்லின் அடியில் சீழ் கோத்திருந்தது. பல்லை எடுத்த சில நாட்களில் குத்துவது நின்றது. வலிக்கிறது என்று சொல்ல வாயில்லாதவன், வலிக்கும் இடத்தைத் தன் கையால் எங்களுக்குக் காட்டிக்கொண்டேதான் இருந்திருக்கிறான். அதைச் சுபாவம் என்று ஏற்றுக்கொண்டிருந்தால், மருந்தில் மயங்கி, வலியோடு மூலையில் கிடந்திருப்பான்.

இதிலிருந்து எங்களுக்கு ஒரு வழக்கம் உருவானது. அவன் நடத்தையில் எது மாறினாலும், அது அவனுக்குப் புதிதா என்று முதலில் கேட்டுக்கொள்கிறோம். மற்றவர்களோடு ஒப்பிட்டால் அவன் செய்வதெல்லாம் விசித்திரமாகத் தெரியும். நேற்றைய அவனோடு ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும். புதிது என்றால் பல், காது, வயிறு, தூக்கம், மருந்து என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். மனத்துயரையும் இந்த வரிசையில் சேர்க்க வேண்டும், ஏனென்றால் பேசாதவர்களுக்கும் பிரிவும் சலிப்பும் பயமும் உண்டு.

குழந்தைகள் நல மருத்துவரிடமிருந்து பெரியவர்களுக்கான மருத்துவருக்கு மாறும் காலம் மிகக் கடினமானது. அவனைச் சிறு வயதிலிருந்து அறிந்தவர்கள் ஒரே நேரத்தில் விலகிவிடுகிறார்கள். புதியவர்களுக்காக ஒரு தாள் தயாரித்திருக்கிறேன். வலிப்பு ஐந்து நிமிடங்களுக்குமேல் நீடித்தால் அவசர சிகிச்சை வேண்டும், அப்போது வாயில் எதையும் திணிக்கவோ கைகால்களை அழுத்திப் பிடிக்கவோ கூடாது, ஒருபக்கமாகப் படுக்கவைக்க வேண்டும் என்பவை தடித்த எழுத்தில் இருக்கின்றன. ஆனால் தாளின் பெரும்பகுதி அவன் நலமாக இருக்கும் நாளைப் பற்றியது: எத்தனை மணிக்கு எழுவான், மகிழ்ச்சியில் கைகளை எப்படி உதறுவான், எந்த ஒலி களிப்பு, எந்த ஒலி அச்சம். பல்வலிக்குப் பிறகு, உடல் வரைந்த பட அட்டையில் வலிக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டவும் அவனுக்குப் பழக்கினோம். மிக மெதுவாகவே கைவந்தது.

அண்மையில் அவன் இரவுகளில் உறங்காமல் கத்தத் தொடங்கியபோது, புதிய மருத்துவர் ஒருவர் அந்தத் தாளை முழுவதும் படித்துவிட்டு, எங்களிடம் எதையும் கேட்காமல் அவன் பக்கம் திரும்பி அட்டையை நீட்டினார். அவன் சற்று நேரம் அதைப் பார்த்துவிட்டு வயிற்றைத் தொட்டான். அவர் வயிற்றை அழுத்திப் பார்த்து, மலச்சிக்கலுக்கு மருந்து எழுதிக் கொடுத்தார். வலிப்பு மருந்தின் அளவை மாற்றவில்லை.