முத்து வாங்க டோக்கியோ போறேன்

ஜப்பான் விசாவுக்கு மனு போடும்போது ஒரு தாளை நிரப்பிக் கொடுக்கணும். தேதி, அன்னைக்கு என்ன செய்வீர்கள், ராத்திரி எங்கே தங்குவீர்கள் என்று கட்டம் கட்டமாக இருக்கும். மூன்று வாரமாக அந்தத் தாள் எங்கள் சாப்பாட்டு மேசையில், ஊறுகாய் பாட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. நான் எழுதினால் வீட்டுக்காரி கோடு போட்டு அடிக்கிறாள், அவள் எழுதினால் நான் கோடு போட்டு அடிக்கிறேன். இப்போது கிடப்பது நாலாவது தாள். நார்த்தங்காய் எண்ணெய் பட்டு அதுவும் போச்சு, அஞ்சாவது எடுக்கணும்.

முதல் தாளில் நான் எழுதியது இதுதான்: இரண்டாம் நாள் சிடி கடை, மூன்றாம் நாள் சிடி கடை, நாலாம் நாள் பழைய சிடி கடை. ஜப்பானில் கவாசாகி என்ற ஊரில் வேலை பார்க்கும் தங்கச்சி மகனுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். "மாமா, இதக் கொடுத்தா யாவாரத்துக்கு வாறியன்னு நெனச்சிருவான், சுற்றுலான்னு எழுதுங்க" என்றான்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்லணும். கன்னியாகுமரி ஜில்லா தக்கலையில் 1999 முதல் 2011 வரை சிடி கடை வைத்திருந்தவன் நான். ஒரு நாள் வாடகை பத்து ரூபாய், கீறல் விழுந்தால் சண்டை. கடைக்கு முதல் போட்டது அவள். சவுதியில் எட்டு வருசம் நர்ஸாக இருந்து அனுப்பிய பைசாவில்தான் அலமாரி அடித்ததும் டிவி வாங்கி வைத்ததும். நான் யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. வெள்ளிக்கிழமை தியேட்டருக்கு வந்த படம் திங்கட்கிழமை என் கடையில் இருந்ததுண்டு, நடுவில் எவனோ மூத்திரம் பெய்ய எழுந்து போகும் நிழலோடு. அப்புறம் ஒரு கம்பெனி ஒரிஜினல் விசிடியையே 28 ரூபாய்க்கு விட்டது. அதற்குப் பின்னால் பென் டிரைவ் வந்தது. கடை படுத்தது. இப்போது குலசேகரத்தில் ஒரு ரப்பர் ஷீட் கடையில் கணக்கு எழுதுகிறேன்.

கடையில் மிஞ்சிய ஒரிஜினல் தட்டுகள் முன்னூற்றுச் சொச்சம் வீட்டில் இருக்கின்றன. நம்ம ஜில்லாவுக்கு ஆனி ஆடிச் சாரலும் உண்டு, ஐப்பசி கார்த்திகை அடைமழையும் உண்டு. பூசணம் பிடித்துத் தட்டில் வெள்ளையாகப் படரும். மாசம் ஒருதரம் எடுத்துத் துடைப்பேன். நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோடாகத் துடைக்கணும், கேட்டியளா. வட்டமாகத் துடைத்துக் கீறல் விழுந்தால் அது தடத்தோடேயே ஓடும், பிளேயர் அந்த இடத்தில் நின்றுவிடும்.

சரி, ஏன் ஜப்பான்? முத்துதான் காரணம்.

1995 தீபாவளிக்கு வந்த படம். எங்கள் பக்கம் மலையாளப் படமும் ஓடும் என்பதால் முந்தின வருசமே 'தேன்மாவின் கொம்பத்து' பார்த்திருந்தேன். அதே கதைதானே என்று அலட்சியமாகப் போய் உட்கார்ந்தவன், அந்த வாரத்தில் மூன்று தடவை நாகர்கோவிலுக்கு பஸ் ஏறினேன். அதே படம் 1998இல் டோக்கியோவின் ஷிபுயாவில், சினிமா ரைஸ் என்ற தியேட்டரில், 'முத்து, ஆடும் மகாராஜா' என்ற அர்த்தத்தில் பேர் மாற்றி ஓடியது. ரஜினிக்கும் மீனாவுக்கும் அங்கே ரசிகர்கள் முளைத்தது அப்படித்தான். 2018இல் 4கே-யில் சுத்தம் செய்து திரும்பவும் தியேட்டரில் விட்டார்கள். அதன் ப்ளூ-ரேயும், டிவிடியைவிடத் தெளிவான தட்டு அது, ஜப்பானில் வந்தது. பேச்சு தமிழ், கீழே ஓடும் எழுத்து ஜப்பானியம். நம்ம படத்துக்கு நல்ல பிரதி வேண்டுமென்றால் நாம் அங்கே போய்க் கேட்கணும்.

பக்கத்துக் கடை நண்பர் கேட்டார், "என்ன ஓய், ஒரு தட்டுக்கா பிளேன் ஏறுதீரு? தபால்ல வராதா?" வரும். மருமகனிடம் சொன்னால் ஒரு வாரத்தில் அனுப்பிவிடுவான். ஆனால் தட்டு அடுக்கிய கடைக்குள் நின்று, கழுத்தைச் சாய்த்து, முதுகெழுத்து வாசித்து எத்தனை வருசம் ஆச்சு? மதுரையில் இல்லை, திருவனந்தபுரத்தில் இல்லை. ஷிபுயாவில் டவர் ரெக்கார்ட்ஸ் என்ற தட்டுக் கடை ஒரு முழுக் கட்டடத்தில் இன்றைக்கும் நடக்கிறது. அதை ஒருதரம் பார்க்கணும், அவ்வளவுதான்.

வாங்கிக்கொண்டு வந்தால் நம்ம பிளேயரில் ஓடுமா என்பது அடுத்த தலைவலி. ப்ளூ-ரேக்கு உலகத்தை மூன்று ரீஜனாகப் பிரித்து, ஒரு ரீஜன் தட்டு இன்னொரு ரீஜன் பிளேயரில் ஓடாதபடி பூட்டி வைத்திருக்கிறார்கள். ஜப்பான் ஏ, இந்தியா சி. டிவிடிக்கு ஜப்பான் 2, நாம் 5. டிவிடி பிளேயரின் பூட்டை ரிமோட்டில் நம்பர் அடித்தே திறந்துவிடலாம், கடை வைத்திருந்த காலத்தில் நூறு பேருக்குத் திறந்து கொடுத்திருக்கிறேன். ப்ளூ-ரே பூட்டு அப்படி லேசில் திறக்காது. 4கே தட்டுக்கு மட்டும் இந்த ரீஜன் தொல்லை கிடையாது. நான் வாங்கப்போவது ப்ளூ-ரே, அதனால் ஹார்ட் ஆஃப் என்ற பழைய சாமான் கடைகளில் ஒன்றில், அந்த ஊர் பிளேயரையே மலிவாக வாங்கிவிடுவதாக யோசனை. அங்கே கரண்ட் 100 வோல்ட். நேரே நம்ம 230இல் சொருகினால் புகைதான் வரும். மேட்டுக்கடையில் எனக்குத் தெரிந்த எலக்ட்ரீசியன் ஒருவர் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றித் தருகிறேன் என்றிருக்கிறார். டோக்கியோ பக்கம் கரண்ட் நம்மைப் போலவே நொடிக்கு 50 சைக்கிள்தான் என்று சொன்னதும் அவருக்கு ஏக சந்தோஷம், ஏதோ சொந்தக்காரன் ஊர் மாதிரி.

இன்னொரு விஷயத்தை முதலிலேயே புரிந்துகொள்ளணும். ஜப்பான் படத்தை ஜப்பானில் வாங்கினால் பெரும்பாலும் ஆங்கில சப்டைட்டில் இருக்காது. குரோசாவா என்ற ஜப்பான் டைரக்டரின் தட்டை ஆசைப்பட்டு வாங்கி வந்து ஊமைப்படமாகப் பார்க்க வேண்டியதுதான். அதனால் என் பட்டியலில் தமிழ்ப் படம், பிறகு ஆங்கிலம் பேசும் பழைய படம், கடைசியில் வசனமே தேவைப்படாத அளவுக்கு மனப்பாடமான நாலைந்து ஜப்பான் படம். அந்த நாலில் ஒன்று டைரக்டர் ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி'. 1953இல் வந்தது. பிள்ளைகளைப் பார்க்கக் கிழவனும் கிழவியும் டோக்கியோவுக்குப் போகிறார்கள், பிள்ளைகளுக்கு நேரமில்லாமல் அவர்களை அத்தாமி என்ற கடற்கரை ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள். மருமகனும் பார்த்திருக்கிறான். "மாமா பயப்படாதிய, அத்தாமிக்கு அனுப்ப மாட்டேன்" என்று குரல் செய்தி போட்டான். அவன் பெண்டாட்டி பின்னால் சிரிப்பது கேட்டது.

கடைகளைப் பொறுத்தவரை இரண்டு இடம் போதும் என்று இப்போது இறங்கி வந்திருக்கிறேன். ஒன்று நகானோ பிராட்வே. டோக்கியோவின் ஷிஞ்சுகு ஸ்டேஷனிலிருந்து சூவோ லைன் வேக ரயிலில் அடுத்த நிறுத்தம். 1966இல் கட்டிய பழைய கட்டடம், உள்ளே பொம்மை, காமிக்ஸ், போஸ்டர் என்று சின்னச் சின்னக் கடைகள். இரண்டாவது ஜின்போச்சோ, பழைய புத்தகக் கடைத் தெரு. அங்கே எனக்கு வேலை தட்டில்கூட இல்லை. ஜப்பான் தியேட்டர்களில் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு புத்தகம் அச்சடித்து விற்பார்கள். பாம்ப்லெட் என்பார்கள். வழவழத் தாளில் படங்கள், நடிகர் விவரம், கட்டுரை. பழையது இந்தத் தெருவில் கிடைக்கும். நம்ம ஊரில் இடைவேளையில் பாட்டுப் புத்தகம் விற்றுக்கொண்டு வருவானே, அதற்குப் பணக்காரத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கம்மாவின் டிரங்குப் பெட்டியில் அப்படி ஒரு கட்டு இருந்தது. கரையான் அரித்து, ஒரு மழைக்காலத்தில் அள்ளிக் கொட்டினோம். முத்துவுக்கு 1998இல் போட்ட பாம்ப்லெட் ஒன்று கையில் கிடைத்தால் தட்டு கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை என்று வீட்டில் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். "அப்ப தட்டுக் கடை எதுக்கு?" என்று அவள் இரண்டு நாளை அடித்தது அன்றைக்குத்தான்.

அவள் பக்கத்தையும் சொல்லணும். எட்டு வருசம் வெளிநாட்டில் இருந்தவள் அவள், நான் பாலக்காட்டைத் தாண்டியதில்லை. ஆனால் அவள் பார்த்த வெளிநாடு ஆஸ்பத்திரி, ஹாஸ்டல், இரண்டுக்கும் நடுவில் ஜன்னலுக்குத் திரை போட்ட பஸ். "ஒரு ரோட்டுல எறங்கி, இந்தப் பக்கம் போவமா அந்தப் பக்கம் போவமான்னு நடந்ததில்ல" என்று ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள். திரும்பிப் பார்த்துச் சொல்லவில்லை. நான் ஒன்றும் பேசவில்லை. பேசி என்ன ஆகப்போகிறது, அந்தப் பைசாவில்தானே நான் ஏசி போட்ட கடையில் உட்கார்ந்து படம் பார்த்தேன்.

அவள் கேட்டது ஒரே ஒரு இடம், சவேரியார் இருந்த இடம். எங்கள் கோட்டாறு சவேரியார்தான். இந்தக் கடற்கரையெல்லாம் நடந்துவிட்டு 1549 ஆகஸ்ட் 15 அன்று ஜப்பானின் ககோஷிமாவில் போய் இறங்கினவர். ககோஷிமா எங்கேயோ தெற்கே இருக்கிறது, டோக்கியோவிலிருந்து அது வேறொரு பயணம், பைசா எட்டாது. எப்படிச் சொல்வது என்று முழித்துக்கொண்டு வரைபடத்தில் ஜின்போச்சோவைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். புத்தகத் தெருவிலிருந்து கொஞ்சம் நடந்தால், நிஷி கந்தாவில், ஒரு கத்தோலிக்கக் கோயில். யார் பேரில் என்று பார்த்தால், புனித பிரான்சிஸ் சவேரியார்! போனை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரெண்டு தரம் பார்த்தாள். "கடை பக்கத்துலயே கோயில் இருக்கதுனாலதான் காட்டுதிய" என்றாள். பொய் சொல்வானேன், இரண்டும்தான்.

தேதியும் சவேரியார் கையில்தான். நவம்பர் 2 கல்லறைத் திருநாள், அன்றைக்கு ஊரில் இருந்தே ஆகணும். கோட்டாறு திருவிழாவுக்கு அந்த மாசக் கடைசியில் கொடியேறும், டிசம்பர் 3 பெருவிழா. இடையில் கிடைப்பது மூன்று வாரம். அதில் பத்து நாள். ஜப்பானில் மழை குறைந்த, இலை சிவக்கத் தொடங்கும் நேரம் என்கிறான் மருமகன். நம்ம ஊரில் வடகிழக்குப் பருவமழை அடிக்கும். தட்டுகளை யார் துடைப்பது என்று கேட்டால் வீட்டில் யாரும் பதில் சொல்வதில்லை.

பணத்தில் ஒரு சின்ன மாற்றம் கவனிக்கணும். அங்கே 10 சதவீதம் வரி. வெளிநாட்டுக்காரர் ஒரே கடையில் ஒரே நாளில் வரி நீங்கலாக குறைந்தது 5,000 யென்னுக்கு வாங்கினால், பாஸ்போர்ட்டைக் காட்டி அந்த வரி இல்லாமல் வாங்கும் வசதி உண்டு. 2026 நவம்பர் 1 முதல் முறை மாறுகிறது. முழு விலையும் கொடுத்துவிட்டு, ஊர் திரும்பும்போது விமான நிலையத்தில் சாமானைக் காட்டி வரியைத் திரும்ப வாங்கணும். நாங்கள் போவது அதற்குப் பிறகுதான். எல்லாக் கடையும் இதில் சேராது, பழைய கடைகள் பலவும் சேராது என்பதால் நான் அந்தப் பத்து சதவீதத்தைக் கணக்கிலேயே எழுதவில்லை. கணக்கப்பிள்ளை புத்தி.

எனக்காக நான் பிடிவாதமாக வைத்திருப்பது அரை நாள். கியோபாஷியில் ஜப்பானின் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம். ஏழாவது மாடியில் பழைய கேமரா, போஸ்டர் எல்லாம் வைத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை லீவு, அதை மட்டும் தாளில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். ஜப்பானின் ஊமைப்படங்களில் பெரும்பகுதி இன்று கிடையாது, 1923 நிலநடுக்கத்திலும் பிறகு போர்க் குண்டிலும் எரிந்து போனவை ஏராளம். நம்ம அகஸ்தீஸ்வரத்துக்காரர் ஜே.சி. டேனியல் சொத்தை விற்று எடுத்த 'விகதகுமாரன்', மலையாளத்தின் முதல் படம், அதற்கும் ஒரு பிரதிகூட மிச்சமில்லை. குண்டும் விழவில்லை, பூமியும் குலுங்கவில்லை. கேரளாக்காரர்கள் அவர் பேரில் வருசா வருசம் விருது கொடுக்கிறார்கள். அகஸ்தீஸ்வரம் வழியாக எத்தனையோ தடவை பைக்கில் போயிருக்கிறேன், அவர் அங்கே பிறந்தவர் என்பதே எனக்குக் கடையை மூடிய பிறகுதான் தெரியும். தட்டு வாடகைக்கு விட்டுப் பிழைத்தவனுக்குத் தெரிந்த லட்சணம் அது.

திருவனந்தபுரத்தில் ஏறி சிங்கப்பூர் வழி. மலிவு டிக்கெட், பெட்டிக்குத் தனிக் காசு. ஆளுக்கு 20 கிலோ போட்டிருக்கிறோம். போகும்போது முந்திரிக்கொத்து, மரச்சீனி வத்தல், நேந்திரங்காய் சிப்ஸ். மருமகன் மட்டிப்பழம் கேட்டான், காயவைக்காத பழம் அந்த நாட்டுக்குள் விடமாட்டார்கள் என்று அவனே நினைவு வந்து வாபஸ் வாங்கினான். வரும்போது எவ்வளவு தட்டு ஏற்றலாம் என்று ரப்பர் ஷீட் நிறுக்கும் தராசில் பத்து ப்ளூ-ரே டப்பா வைத்துப் பார்த்தேன், ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கீழே. பிளேயருக்கு மூன்று கிலோ போனாலும் நூற்றைம்பது தட்டுக்கு இடமுண்டு. முதலாளி எட்டிப் பார்த்து, "இது என்ன கிரேடு ஷீட்டுடே?" என்றார்.

வீட்டுக்கு வந்து கணக்கைக் காட்டினேன். அவள் ஐந்தாவது தாளை எடுத்து, ஏழாம் நாள் கட்டத்தில் 'நடக்கணும்' என்று மட்டும் எழுதியிருந்தாள். இடம் எழுதவில்லை. மருமகன் அதை 'அக்கம்பக்கம் சுற்றிப் பார்த்தல்' என்று மாற்றிவிட்டான், விசாவுக்கு அது போதுமாம்.

"ரெண்டு பெட்டியும் உங்க தட்டுக்கு இல்ல," என்றாள். "ஒண்ணு எனக்கு."

"என்ன வாங்கப் போற?"

"அது அங்க போய்ப் பாத்துல்லா சொல்ல முடியும்."